தண்ணி, நேரம், பாறை: பாலைவனச் சிகரம் ஏற ஒரு இன்ஜினியரிங் பாடம்

மக்களே, ஃபைனல் இயர்ல இப்போ ரெண்டே டாபிக் தான் ஓடுது. ஒன்னு பிளேஸ்மென்ட், இன்னொன்னு அட்மிட். எம்.எஸ். அட்மிட் வந்தவங்கள்ல நிறைய பேர் போறது அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா பக்கம். போய் ஒரு மாசம்கூட ஆகாது, அங்கிருந்து ஒரு ஃபோட்டோ வந்துடும். ஏதோ ஒரு மொட்டைப் பாறை உச்சியில கையை விரிச்சு நிப்பாங்க. பின்னாடி மரம் இருக்காது, வீடு இருக்காது, கண்ணுக்கு எட்டின வரைக்கும் மண் நிறம் தான். நாமளும் ஹார்ட் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம்.

அந்த ஃபோட்டோவுக்குப் பின்னாடி இருக்குற கணக்கு தான் இந்த மாசப் பாடம். நம்ம ஆட்கள் அங்க போய் இறங்குறது ஆகஸ்ட்ல. ஃபீனிக்ஸ் ஊர்ல ஆகஸ்ட்னா 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுறது சர்வ சாதாரணம். ஊருக்கு நடுவுலயே இருக்குற கேமல்பேக் மலைப் பாதையைக்கூட, அதிவெப்ப எச்சரிக்கை விட்ட நாள்ல பகல் நேரத்துல நகராட்சி மூடி வைக்குது. மலையில மயங்கி விழுந்தவங்களைத் தூக்கப் போன தீயணைப்பு வீரர்களுக்கே உடம்பு முடியாமப் போனதால வந்த விதி அது. ஊருக்குள்ள இருக்குற மலைக்கே இப்படின்னா, ரோட்டை விட்டு 20 கி.மீ. தள்ளி, சிக்னலே இல்லாத ஒரு சிகரத்துக்கு?

ஒன்னு முன்னாடியே சொல்லிடுறேன். அந்த மலைகள்ல நான் ஏறினது இல்லை. என் கால் பட்ட மலைகள் வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் தான். அதனால இது ஏறக் கத்துக்கொடுக்கிற பாடம் இல்லை. ஏறலாமா, வேண்டாமா, ஏறினா எப்போ திரும்பணும்னு ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து பேப்பர்ல முடிவு பண்றதுக்கான பாடம். அதுக்குத் தேவையான ஃபிசிக்ஸ் எல்லாம் நாம முதல் வருஷத்துலயே படிச்சது தான்.

1. நிலம் எப்படி இருக்கும்

நெவாடா முழுக்க, கலிஃபோர்னியாவோட கிழக்குப் பக்கம், அரிசோனாவோட தெற்கும் மேற்கும் ஒரே மாதிரி நிலம். பூமியோட மேலோடு கிழக்கு மேற்கா இழுபட்டு, பிளவுபட்டு, சில துண்டு மேல நிக்குது, சில துண்டு கீழ இறங்கிடுச்சு. மேல நிக்குறது மலைத்தொடர், இறங்கினது பள்ளத்தாக்கு. பெரும்பாலும் வடக்கு தெற்கா வரிசை வரிசையா இருக்கும். சிவில் பசங்களுக்கு இது ஹார்ஸ்ட், கிராபென்னு ஜியாலஜி பேப்பர்ல வந்திருக்கும்.

மலையில இருந்து திடீர்னு வர்ற வெள்ளம் கொண்டு வந்து கொட்டின கல்லும் மண்ணும், மலை அடிவாரத்துல விசிறி மாதிரி விரிஞ்சு கிடக்கும். தூரத்துல இருந்து பார்த்தா சமதளம் மாதிரி தெரியும். உண்மையில அது பல கி.மீ. நீளத்துக்கு மெதுவா ஏறிட்டே போற சரிவு. கால்பந்து சைஸ்ல இருந்து ஃபிரிட்ஜ் சைஸ் வரைக்கும் கல்லு இறைஞ்சு கிடக்கும். அதுல ஓடுற காய்ஞ்ச ஓடைக்கு அங்க வாஷ்னு பேரு. வருஷத்துல பெரும்பாலான நாள் மணல் தான். ஆனா எங்கயோ மேல மழை பெய்ஞ்சா, இங்க வானம் நீலமா இருக்கும்போதே தண்ணி பாய்ஞ்சு வரும். வாஷ் உள்ள டென்ட் போடக் கூடாதுன்னு சொல்றது அதுக்குத் தான்.

இன்னொரு விஷயம் கண் ஏமாத்துறது. காத்துல ஈரம் கம்மி, தூசி கம்மியான நாள்ல 30 கி.மீ. தள்ளி இருக்குற மலை பக்கத்துல இருக்குற மாதிரி தெரியும். அளவு பார்க்க ஒரு மரமோ வீடோ கிடையாது. "அதோ தெரியுது பார், ஒரு மணி நேரத்துல போயிடலாம்" அப்படிங்கிற பேச்சை அங்க நம்பவே கூடாது. மேப்ல ஸ்கேல் வெச்சு அளந்தது மட்டும் தான் தூரம்.

2. எவ்வளவு கஷ்டம்: கிளாஸ் 1 முதல் 5 வரை

அமெரிக்காவுல மலைப் பாதையை அஞ்சு வகுப்பா பிரிப்பாங்க. சியரா கிளப்ங்கிற அமைப்பு 1930-கள்ல பயன்பாட்டுக்குக் கொண்டு வந்த முறை. பாலைவனச் சிகரங்களுக்குனே அந்த கிளப்ல ஒரு தனிப் பிரிவும் பின்னாடி வந்துச்சு.

கிளாஸ் 1: பாதை இருக்கும், நடந்தா போதும்.
கிளாஸ் 2: பாதை இல்லாத கல்லுச் சரிவு. பேலன்ஸுக்கு அப்பப்போ கையை ஊன்ற வேண்டி வரும்.
கிளாஸ் 3: கையும் காலும் சேர்த்துத் தான் ஏற முடியும். இதைத் தான் ஸ்கிராம்பிளிங்னு சொல்றாங்க. விழுந்தா எலும்பு உடையலாம், சில இடத்துல உயிரும் போகலாம்.
கிளாஸ் 4: ஏறுறது பெரிய கஷ்டம் இல்லாம இருக்கலாம், ஆனா விழுந்தா பிழைக்கிறது சந்தேகம். நிறைய பேர் கயிறு கட்டுவாங்க.
கிளாஸ் 5: கயிறு, பாதுகாப்புக் கருவி எல்லாம் வெச்சு ஏறுற பாறையேற்றம். இதை 5.0, 5.1னு இன்னும் பிரிப்பாங்க. இந்த தசமப் பிரிவு 1950-கள்ல கலிஃபோர்னியாவோட டாக்கீட்ஸ் பாறையில உருவானது.

நம்ம ஊர்க் கணக்குல புரியணும்னா, வெள்ளியங்கிரி கிளாஸ் 1-க்கும் 2-க்கும் இடையில. பர்வதமலையில கடப்பாறையைப் பிடிச்சு ஏறுற இடம் இருக்கே, அந்தக் கடப்பாறை, சங்கிலி எல்லாத்தையும் எடுத்துட்டு யோசிங்க. அது கிளாஸ் 3 மேல. வெள்ளியங்கிரியில சுனைத் தண்ணி உண்டு, சீசன்ல முன்னாடியும் பின்னாடியும் ஆயிரம் பேர் இருப்பாங்க, கால் சுளுக்கினா கைத்தடி நீட்ட ஒரு சாமி வருவார். பாலைவனச் சிகரத்துல அந்த நாள் முழுக்க நீங்க மட்டும் தான். இந்த ஒரு வித்தியாசத்தால கிளாஸ் 2 கூட வேற மாதிரி ஆயிடும்.

3. தண்ணி: ஒரு ஹீட் பேலன்ஸ்

"நிறைய தண்ணி குடி" அப்படிங்கிறது அட்வைஸ். "மணிக்கு எவ்வளவு" அப்படிங்கிறது இன்ஜினியரிங். கணக்கைப் போடுவோம்.

உங்க எடை 65 கிலோ, பை 12 கிலோ. மொத்தம் 77 கிலோ. ஒரு மணி நேரத்துல 400 மீ. உயரம் ஏறுறீங்க. செஞ்ச வேலை 77 × 9.8 × 400 = சுமார் 3,02,000 ஜூல். 3,600 விநாடியால வகுத்தா 84 வாட். ஒரு சீலிங் ஃபேன் அளவு, பெருசா ஒன்னும் இல்லைன்னு தோணும். ஆனா நம்ம தசையோட எஃபிஷியன்சி 20 முதல் 25 சதவீதம் தான். 20-ன்னு வெச்சா, உடம்பு எரிக்கிறது 420 வாட். அதுல 84 போக மிச்சம் 336 வாட் முழுக்க சூடு. இதை வெளிய தள்ளியே ஆகணும்.

சாதாரண நாள்ல தோல்ல இருந்து காத்துக்குச் சூடு போயிடும். தோலோட வெப்பம் சுமார் 35 டிகிரி. காத்து 40 டிகிரின்னா? சூடு திரும்பி உள்ள வருது. நேர் வெயிலும், கீழ சுடுற பாறையும் சேர்ந்துக்கும். இதெல்லாம் சேர்த்து ஒரு 200 வாட்னு எடுத்துக்குவோம். ஆக மொத்தம் 536 வாட். வெளிய போக இருக்குற ஒரே வழி வேர்வை ஆவியாகுறது.

ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியானா சுமார் 24 லட்சம் ஜூல் சூட்டை எடுத்துட்டுப் போகும். 536 × 3,600 = சுமார் 19.3 லட்சம் ஜூல். வகுத்தா மணிக்கு 0.8 லிட்டர். எட்டு மணி நேரப் பயணத்துக்கு ஆறரை லிட்டர். அதாவது ஆறரை கிலோ. பையில பாதி எடை தண்ணி தான்.

இப்போ சிக்கலைப் பாருங்க. தண்ணி அதிகமா எடுத்தா எடை கூடும், எடை கூடினா சூடு கூடும், சூடு கூடினா வேர்வை கூடும், இன்னும் தண்ணி வேணும். ராக்கெட்டுக்கு எரிபொருள் ஏத்துற அதே கதை. அதனால ஒரு கட்டத்துக்கு மேல தண்ணியைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. மாத்தக்கூடியது நேரம். விடியறதுக்கு முன்னாடி கிளம்புறது, நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் போறது. சமன்பாட்டுல அந்த 200 வாட் காணாமலே போயிடும்.

ரெண்டு எச்சரிக்கை. முதலாவது, சென்னையில வேர்வை சட்டையை நனைக்கும், நமக்கே தெரியும். அங்க காத்து அவ்வளவு வறட்சி, வேர்வை வந்த உடனே காய்ஞ்சுடும். தோல் உலர்ந்தே இருக்கும். "எனக்கு வேர்க்கவே இல்லை" அப்படின்னு நினைச்சுட்டு லிட்டர் கணக்குல இழந்துட்டு இருப்பீங்க. ரெண்டாவது, வேர்வையில உப்பும் போகுது. வெறும் தண்ணியை மட்டும் குடிச்சுட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு, தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில வலிப்பு வரைக்கும் போகலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், உப்புக்கடலை, முறுக்கு. அம்மா பார்சல் அனுப்பினதை ரூம்லயே காலி பண்ணாம கொஞ்சம் மிச்சம் வைங்க.

4. உயரமும் வெப்பமும்

வறண்ட காத்து மேல ஏறும்போது விரிவடையுது, விரிவடைஞ்சா குளிருது. தெர்மோடைனமிக்ஸ்ல வந்த அடியபேட்டிக் கதை தான். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 9.8 டிகிரி. ஈரம் உள்ள காத்துல இது குறையும், பாலைவனத்துப் பகல்ல இந்த எண்ணுக்குப் பக்கத்துல இருக்கும்.

டெத் வேலியை எடுத்துக்குங்க. அங்க பேட்வாட்டர்னு ஒரு இடம், கடல் மட்டத்துக்கு 86 மீ. கீழ. வட அமெரிக்காவுலயே தாழ்வான இடம். 1913 ஜூலை 10-ல 56.7 டிகிரி பதிவானது இந்தப் பள்ளத்தாக்குல தான். அதே பள்ளத்தாக்கோட மேற்குச் சுவர்ல டெலஸ்கோப் சிகரம், 3,366 மீ. உயரம். ரெண்டுக்கும் நடுவுல 3,450 மீ. வித்தியாசம். கீழ 45 டிகிரின்னா உச்சியில கிட்டத்தட்ட 11 டிகிரி. குளிர்காலத்துல கீழ டி-ஷர்ட் போட்டு நடக்கும்போது மேல பனி உறைஞ்சு கிடக்கும். அப்போ ஐஸ் ஆக்ஸும், ஷூவுல மாட்டுற இரும்புப் பல்லும் இல்லாம அங்க போறது ஆபத்து.

இதுல ஒரு தலைகீழ் விஷயம் இருக்கு. அடிவாரத்துல இருந்து ஏறுறவர் காலையில குளிர்ச்சியில ஏறி, மேல போகப் போக இன்னும் குளிர்ச்சியை உணர்றார். எல்லாம் நல்லா இருக்கு. இறங்குறது மதியம். கீழ போகப் போக சூடு கூடிட்டே வருது. அதாவது, தண்ணி தீர்ந்துட்டு வரும்போது தான் தண்ணி அதிகமா தேவைப்படுது. அதனால "பாதித் தண்ணி தீர்ந்தா திரும்பு" அப்படிங்கிறது இங்க பத்தாது. ஏற்றத்துக்கு மூணுல ஒரு பங்கு, இறக்கத்துக்கு ஒரு பங்கு, மாட்டிக்கிட்டா இருக்கட்டும்னு ஒரு பங்கு. சூடான பள்ளத்தாக்குக்கு இறங்கி வரணும்னா இது தான் சரியான ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி.

5. நேரம்: நெய்ஸ்மித் விதி

வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல ஒரு எளிமையான விதி சொன்னார். மெட்ரிக்ல, சமதளத்துல ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் ஒரு மணி நேரம். ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலா ஒரு மணி நேரம். அவ்வளவு தான்.

இது நல்ல பாதையில, உடம்பு ஃபிட்டா இருக்குறவங்களுக்கு. ஓய்வு, சாப்பாடு, ஃபோட்டோ எதுவும் கணக்குல இல்லை. பாதை இல்லாத கல்லுச் சரிவுல வேகம் பாதிக்கும் கீழ போயிடும். ஸ்கிராம்பிளிங்ல வழி தேடுறதுக்கே நேரம் போகும். அதனால வர்ற விடையை கிளாஸ் 2-க்கு ஒன்றரை மடங்கு, கிளாஸ் 3-க்கு ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கிறது பாதுகாப்பு. இந்த மடங்கு என் கணக்கு, நெய்ஸ்மித் சொன்னது இல்லை.

இதுல இருந்து ஒரே ஒரு எண்ணை எடுத்துக் கையில பேனாவால எழுதிக்கணும்: திரும்புற நேரம். உச்சி வந்தாலும் வராட்டியும் அந்த நேரத்துக்குத் திரும்பிடணும். அதை ரூம்லயே முடிவு பண்றதுக்குக் காரணம் இருக்கு. உச்சி 40 நிமிஷத்துல தெரியும்போது, நாக்கு வறண்டு, மூளை சூடாகி, கூட வந்தவன் "இவ்வளவு தூரம் வந்துட்டோம் மச்சி"ன்னு சொல்லும்போது எடுக்குற முடிவு நல்ல முடிவா இருக்காது.

ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் அரிசோனாவுக்கும் ஒரு மான்சூன் உண்டு. மதியத்துக்கு மேல இடிமேகம் கட்டும். மொட்டைச் சிகரத்துல உயரமான பொருள் நீங்க தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எத்தனை விநாடின்னு எண்ணி மூணால வகுத்தா எத்தனை கி.மீ. தள்ளின்னு வரும். அந்த எண்ணுக்காக அங்க நிக்காதீங்க, மதியத்துக்கு முன்னாடியே கீழ வந்துடுங்க.

6. கான்டூர் மேப் சொல்றதும் மறைக்கிறதும்

அமெரிக்க நில அளவைத் துறையோட மேப் 1:24,000 அளவுல இருக்கும். மேப்ல ஒரு மி.மீ. நிலத்துல 24 மீ. மலைப் பகுதியில ரெண்டு கான்டூர் கோட்டுக்கு நடுவுல உயரம் பெரும்பாலும் 40 அடி, அதாவது 12.2 மீ.

கோடுகள் ஒரு மி.மீ. இடைவெளியில இருந்தா, டேன் தீட்டா = 12.2 ÷ 24. சரிவு 27 டிகிரி. மூச்சு வாங்கும், ஆனா நடக்கலாம். அரை மி.மீ. இடைவெளின்னா 45 டிகிரி. அது நடை இல்லை, ஏற்றம். கோடுகள் ஒட்டிக்கிட்டா செங்குத்துப் பாறை.

இப்போ மறைக்கிறது. 12 மீ. உயரத்துக்குக் குறைவான ஒரு செங்குத்துப் பாறை ரெண்டு கோட்டுக்கு நடுவுல முழுசா ஒளிஞ்சுக்க முடியும். கிட்டத்தட்ட நாலு மாடிக் கட்டிடம். மேப்ல சரியான சரிவா தெரிஞ்ச பள்ளத்துல இறங்கிட்டே வருவீங்க, திடீர்னு காலுக்குக் கீழ மூணு மாடி பள்ளம், காய்ஞ்ச அருவி. மேல திரும்பவும் முடியாம, கீழ குதிக்கவும் முடியாம ஆட்கள் மாட்டுறது இப்படித்தான். அதனால ஒரு விதி: ஏறி வந்த வழியிலயே இறங்கு. "இந்தப் பக்கம் ஷார்ட்கட் மாதிரி இருக்கு" அப்படிங்கிற ஐடியா வேண்டாம். ஏறும்போது அப்பப்போ திரும்பிப் பார்த்து வைங்க. இறங்கும்போது அதே இடம் வேற மாதிரி தெரியும்.

7. பாறை: உராய்வும் சரிவுக் கோணமும்

நல்ல ரப்பர் சோல், காய்ஞ்ச சொரசொரப்பான பாறை. உராய்வுக் குணகம் கிட்டத்தட்ட 1-க்குப் பக்கம் போகும். டேன் 45 = 1. அதனால 40 டிகிரி பாறைப் பலகையில நேரா நிமிர்ந்து நடக்க முடியும். பயந்துபோய் உடம்பைப் பாறை மேல சாய்ச்சா கால் வழுக்கும். எடை சோல் வழியா நேரா கீழ போறது தான் பிடிப்பு. ஆனா பாறை மேல கொஞ்சம் மணல் துகள் இருந்தா கதை மாறிடும். பால் பேரிங் மேல நிக்குற மாதிரி.

உதிரிக் கல் சரிவு வேற ரகம். மணலைக் கொட்டினா ஒரு கோணத்துல நிக்குமே, ஆங்கிள் ஆஃப் ரிபோஸ். உடைஞ்ச கல்லுக்கு அது 35 டிகிரி பக்கம். மலையில இருக்குற உதிரிச் சரிவு எல்லாம் ஏற்கெனவே அந்தக் கோணத்துலயே தான் நிக்குது. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி ஒன்னு. நீங்க கால் வெச்சா அது ஒன்னுக்குக் கீழ. அதனால சரியும். தனித்தனியா ஏறணும், ஒருத்தருக்கு நேர் கீழ இன்னொருத்தர் நிக்கக் கூடாது, கல் உருண்டா தயங்காம கத்தணும்.

கிளாஸ் 3-ல ரெண்டு விதி. ரெண்டு கை, ரெண்டு கால்ல எப்பவும் மூணு பாறையைத் தொட்டிருக்கணும், ஒன்னு மட்டும் நகரணும். எடை போடுறதுக்கு முன்னாடி பிடியைத் தட்டிப் பார்க்கணும், ஆட்டிப் பார்க்கணும். உள்ள காலியா சத்தம் வந்தா அதை நம்பக் கூடாது. பாலைவனத்துல வெயிலும் குளிரும் மாறி மாறி பாறையை விரிசல் விட வெக்குது. நிறைய பேர் ஏறுற பாதையா இருந்தா உதிர்றது எல்லாம் முன்னாடியே உதிர்ந்திருக்கும். யாரும் வராத சிகரத்துல அந்த டெஸ்ட்டை முதல்ல பண்றது நீங்க தான்.

இறங்குறது ஏறுறதைவிடக் கஷ்டம். ஏறும்போது பிடி கண்ணுக்கு முன்னாடி இருக்கும், இறங்கும்போது காலுக்குக் கீழ மறைஞ்சிருக்கும். அதனால, இறங்க முடியும்னு உறுதியா தெரியாத ஒரு படியை ஏறவே கூடாது.

கையை எங்க வைக்கிறோம்னு பார்த்து வைக்கணும். நிழல் இருக்குற விளிம்புல ராட்டில் பாம்பும் ஓய்வெடுக்கும். சோயாங்கிற கள்ளியோட முள் நுனியில கண்ணுக்குத் தெரியாத கொக்கி உண்டு, சும்மா உரசினாலே மொத்தத் துண்டும் ஒட்டிக்கும். கையால பிடுங்கினா கையிலயும் ஏறும். சாதாரண சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவுல விட்டு நெம்பி எடுக்கணும். பையில பத்து ரூபாய் சீப்பு ஒன்னு, மறக்காதீங்க.

8. சொல்லிட்டுப் போறது

127 ஹவர்ஸ் படம் பார்த்திருப்பீங்க, நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசை. அதோட நிஜ மனிதர் ஆரன் ரால்ஸ்டன், மெக்கானிக்கல் இன்ஜினியர், இன்டெல்ல வேலை பார்த்தவர். 2003 ஏப்ரல்ல யூட்டாவுல ஒரு குறுகலான பாறைப் பிளவுல இறங்கும்போது, அவர் எடை போட்ட பாறை நகர்ந்து வலது கையை நசுக்கிடுச்சு. அஞ்சு நாள் கழிச்சுத் தன் கையைத் தானே வெட்டிக்கிட்டு வெளிய வந்தார். அவருக்குத் திறமை குறைவு கிடையாது. கொலராடோவோட உயரமான சிகரங்களைக் குளிர்காலத்துல தனியா ஏறினவர். விடுபட்டது ஒரே ஒரு விஷயம்: எங்க போறார்னு யாருக்கும் தெரியாது. அதனால உடனடியா யாரும் தேடவும் இல்லை.

இன்னொன்னு டெத் வேலியில. 1996 ஜூலையில ஜெர்மனியில இருந்து சுற்றுலா வந்த நாலு பேர் காணாமப் போனாங்க. அவங்க வேன் சில மாசம் கழிச்சு ஒரு ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்குல, டயர் பஞ்சரான நிலையில கிடைச்சுது. பெரியவங்களோட எலும்புகள் கிடைச்சது 2009-ல. பதிமூணு வருஷம். அவ்வளவு பெரிய தேடலுக்கும் அந்த நிலம் பெருசு.

அதனால ஒரு மெசேஜ், ரூம்மேட்டுக்கு. எந்த மலை, எந்தப் பக்கத்துல இருந்து ஏறுறோம், கார் எங்க நிக்கும், எத்தனை பேர், எத்தனை மணிக்குள்ள கால் வரலைன்னா யாருக்குச் சொல்லணும். அஞ்சு வரி. ஃபோன்ல மேப்பை ஆஃப்லைன்ல சேமிச்சாலும் காகித மேப் ஒன்னு வேணும், சூட்டுல ஃபோன் தானா அணைஞ்சுடும். சேட்டிலைட் மெசேஞ்சர் ஒன்னு வாடகைக்காவது எடுங்க. காரோட மாட்டிக்கிட்டா காரை விட்டுட்டு நடக்காதீங்க. மேல இருந்து தேடுறவங்களுக்கு கார் தெரியும், மனுஷன் தெரிய மாட்டான்.

9. முழுக் கணக்கு: டெலஸ்கோப் சிகரம்

எல்லாத்தையும் ஒன்னா போட்டுப் பார்ப்போம். மஹோகனி ஃபிளாட்ங்கிற இடத்துல இருந்து பாதை ஆரம்பம், உயரம் சுமார் 2,480 மீ. உச்சிக்கு 11 கி.மீ., ஏற்றம் சுமார் 900 மீ. நல்ல பாதை, கிளாஸ் 1.

ஏற: 11 ÷ 5 = 2.2 மணி, 900 ÷ 600 = 1.5 மணி. மொத்தம் 3.7 மணி. இறங்க 2.2 மணியில இருந்து 3 மணி. ஓய்வு, உயரத்தால வர்ற மூச்சிரைப்பு, எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம். வழியில தண்ணி கிடையாது. நல்ல சீசன்ல மேல குளிர்ச்சியா இருக்கும், அதனால மணிக்கு அரை லிட்டர்னு வெச்சு 4 லிட்டர், சேஃப்டிக்கு 1 லிட்டர். கார்ல தனியா 10 லிட்டர். கடைசிப் பகுதி கரடுமுரடான மண் ரோடு, சின்ன கார் போகாது. அப்போ கீழயே நிறுத்தி நடக்கணும், தூரமும் ஏற்றமும் கூடும், கணக்கை மறுபடி போடணும். காலை 6 மணிக்குக் கிளம்பினா திரும்புற நேரம் 11.

உச்சியில கிழக்கே பேட்வாட்டரோட வெள்ளை உப்புத் தரை தெரியும். மேற்கே விட்னி சிகரம், 4,421 மீ. அலாஸ்காவை விட்டுட்டா அமெரிக்காவுல அது தான் உயரமானது. நாட்டோட தாழ்வான இடமும், தொடர்ந்த நிலப்பரப்போட உயரமான இடமும் ஒரே இடத்துல நின்னு பார்க்கலாம். சரிவுல பிரிசில்கோன் பைன் மரங்கள் இருக்கும், உலகத்துலயே ரொம்ப காலம் வாழ்ற மர இனம். முதல் பாலைவனச் சிகரமா இதைச் சொல்றதுக்குக் காரணம், நடக்கத் தெரிஞ்சா போதும்.

எதிர் உதாரணம் தெற்கு அரிசோனாவோட பபோகிவாரி. 2,357 மீ., தனிக் கல் தூண் மாதிரி நிக்கும். சுலபமான வழியே கிளாஸ் 5. பதிவான முதல் ஏற்றம் 1898-ல, அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஃபோர்ப்ஸும் ஹெசூஸ் மொன்டோயாவும். பல முயற்சி தோத்த பிறகு. அது டோஹோனோ ஓ'ஓதாம் மக்களுக்குப் புனித மலை, அவங்களைப் படைச்ச ஈடோய் வாழ்ற இடம். நம்ம ஊர்ல கிரிவலம் போற மலையில எப்படி நடந்துக்குவோமோ, அந்த மரியாதை அங்கயும் வேணும்.

10. எப்போ திரும்பணும்

தலைவலி, குமட்டல், கை கால் பிடிப்பு, அதிக சோர்வு: வெப்பச் சோர்வு. நிழல், தண்ணி, உப்பு, ஓய்வு, அதுக்கப்புறம் கீழ. மேல இல்லை.

பேச்சு குழறுது, சம்பந்தமில்லாம பேசுறான், நடை தள்ளாடுது: வெப்பத் தாக்கு. உடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், மூளை பாதிக்கப்படுது. உடனே நிழல், துணியை நனைச்சு உடம்பு முழுக்க ஈரம், விசிறி, அவசர உதவி. குடிக்கிற தண்ணியையே ஊத்துங்க. இதுல சிக்கல், பாதிக்கப்பட்டவனுக்கே அது தெரியாது, "ஐ ஆம் ஃபைன்"னு சொல்லுவான். அதனால தான் தனியா போக வேண்டாம்னு சொல்றது. போறதுக்கு முன்னாடி குரூப்ல ஒரு ஒப்பந்தம் போட்டுக்குங்க: யாராவது ஒருத்தர் "திரும்பலாம்"னு சொன்னா காரணம் கேட்காம எல்லாரும் திரும்புறது. பயந்தாங்கொள்ளின்னு கலாய்க்கிறது கீழ வந்து பிரியாணி சாப்பிடும்போது வெச்சுக்கலாம்.

பயிற்சிக் கேள்விகள்

1. 1:24,000 மேப்ல 40 அடி கான்டூர் கோடுகள் 0.8 மி.மீ. இடைவெளியில இருக்கு. சரிவு எத்தனை டிகிரி? அது உதிரிக் கல்லோட நிக்குற கோணத்துக்கு எவ்வளவு பக்கம்?

2. 70 கிலோ ஆள், 10 கிலோ பை, மணிக்கு 300 மீ. ஏற்றம், வெளிச்சூடு 200 வாட். மணிக்கு எவ்வளவு வேர்வை?

3. காலை 10.30. ஆறு லிட்டர்ல மூணு தீர்ந்துடுச்சு. திரும்புற நேரம்னு கையில எழுதினது 10.30. உச்சி கண்ணுக்குத் தெரியுது, 40 நிமிஷம் தான். கூட வந்தவங்க மூணு பேரும் போலாம்ங்கிறாங்க. நீங்க என்ன சொல்வீங்க, எந்த வார்த்தையில சொல்வீங்க?

முதல் கேள்விக்கு விடை சுமார் 32 டிகிரி, ரெண்டாவதுக்கு சுமார் 0.7 லிட்டர். மூணாவது கேள்விக்கான வார்த்தையை இப்பவே தேடி வெச்சுக்குங்க. அங்க போய்த் தேட நேரம் இருக்காது.